கதையல்லாத நூல்கள்: சென்னை வாசகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சென்னையில் மாதந்தோறும் கூடும் ஒரு சிறிய வாசகர் வட்டத்தில், வருகிறவர் ஒவ்வொருவரும் தாம் அண்மையில் வாசித்த கதையல்லாத நூல் ஒன்றைப் பற்றிப் பேச வேண்டும் என்பது நெடுநாள் வழக்கம். வங்கி ஊழியர் கல்வெட்டு நூலையும், தமிழாசிரியை மிருதங்கம் செய்வோரைப் பற்றிய நூலையும், ஓய்வுபெற்ற பொறியாளர் சமையல் நூலையும் பரிந்துரைத்த மாலைகள் உண்டு. புதிதாக வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு, வட்டத்தை ஒருங்கிணைப்பவர் என்ற முறையில் எழுதிய விடைகள் இவை. தேர்வில் என் விருப்பு வெறுப்புகளும் கலந்திருக்கின்றன. அவற்றை மறைக்க நான் முயலவில்லை.

இத்தனை துறைகளில் எது நல்ல நூல் என்று எப்படி முடிவு செய்கிறீர்கள்?

துறையை வைத்து முடிவு செய்வதில்லை. தாம் சொல்லும் செய்தி தமக்கு எப்படித் தெரிய வந்தது என்பதை நூலாசிரியர் வாசகருக்குக் காட்டுகிறாரா என்பதைத்தான் முதலில் பார்க்கிறோம். அவர் கல்வெட்டைப் படித்திருக்கலாம், காட்டில் காத்திருந்து பார்த்திருக்கலாம், பட்டறையில் உட்கார்ந்து கேட்டிருக்கலாம், தம் வாழ்க்கையையே எழுதியிருக்கலாம். எதுவாக இருந்தாலும் அந்த வழி பக்கங்களில் தெரிய வேண்டும். 'என்று சொல்லப்படுகிறது', 'என்பது ஆய்வாளர்கள் கருத்து' என்று போகிற போக்கில் எழுதிவிட்டு, சொன்னவர் யார், எந்த ஆய்வாளர் என்று கூறாமல் நகர்ந்துவிடும் நூல்களைக் கையில் எடுப்பதற்குள் கீழே வைத்துவிடலாம். புத்தகக் காட்சியில் தமிழர் பெருமை பேசும் வழவழப்பான அட்டைகளில் பெரும்பாலானவை இந்தச் சோதனையில் தேறுவதில்லை என்பதை வருத்தத்துடன்தான் எழுதுகிறேன். பெருமைப்படத்தக்க செய்திகள் சான்றோடு எழுதப்பட்ட நூல்களிலேயே ஏராளமாக இருக்கின்றன.

சோதனை எளிது. நூலின் நடுவில் ஏதேனும் ஒரு பக்கத்தைத் திறந்து, அதிலுள்ள ஒரு கூற்றை எடுத்துக்கொண்டு, 'இது இவருக்கு எப்படித் தெரியும்?' என்று கேளுங்கள். அடுத்த சில பக்கங்களுக்குள் விடை கிடைத்தால் அந்த நூலை வாங்கலாம்.

இதுவரை கதைகளை மட்டுமே வாசித்திருக்கிறேன். ஒரே ஒரு நூலிலிருந்து தொடங்க வேண்டுமென்றால் எது?

உ.வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்'. 1940 முதல் 1942 வரை ஆனந்த விகடனில் தொடராக வந்து, ஐயர் மறைந்ததால் முற்றுப்பெறாமல் நின்று, 1950இல் நூலானது. கதை வாசித்துப் பழகியவருக்கு இது அந்நியமாக இராது. ஊர்களும் மனிதர்களும் பசியும் பாட்டும் நிறைந்த நூல்.

அதில் ஒரு நிகழ்ச்சியை மட்டும் இங்கே சொல்கிறேன். 1880ஆம் ஆண்டு அக்டோபர் மாதம். கும்பகோணம் கல்லூரியில் அப்போதுதான் தமிழாசிரியராகச் சேர்ந்திருந்த இளைஞர் சாமிநாதையர், அந்த ஊருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் கற்றவர் என்ற பெருமிதம் அவருக்கு உண்டு. என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்க, அந்தாதிகள், கலம்பகங்கள், பிள்ளைத்தமிழ்கள், கோவைகள், புராணங்கள் என்று ஐயர் அடுக்குகிறார். முதலியார் முகத்தில் எந்த வியப்பும் இல்லை. இவ்வளவும் படித்து என்ன பயன் என்பதுபோல் கேட்டுவிட்டு, சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா, சிலப்பதிகாரம், மணிமேகலை படித்ததுண்டா என்கிறார். இவர் படித்ததில்லை. பிறகு முதலியார் கொடுத்த சிந்தாமணிப் பிரதியை வைத்துக்கொண்டு பொருள் விளங்காமல் திண்டாடியதும், கும்பகோணத்திலிருந்த சைன அன்பர்களைத் தேடிப் போய்க் கேட்டுத் தெரிந்துகொண்டதும், 1887இல் அதைப் பதிப்பித்ததும் அதன்பின் வரும் அத்தியாயங்கள். தமிழ் இலக்கிய வரலாறு என்று நாம் இன்று சாதாரணமாகச் சொல்லும் ஒன்று எத்தனை சிறிய, தற்செயலான படிகளில் ஏறி வந்தது என்பது அங்கே தெரியும்.

ஓர் எச்சரிக்கை. தொடக்க அத்தியாயங்களில் முன்னோர் வரலாறும் ஊர் வரலாறும் நீளும். அவற்றில் மனம் ஒட்டாவிட்டால் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்கச் சேரும் பகுதிக்கு நேராகப் போய்விடுங்கள், திரும்பி வரலாம். முடிந்தால் பெசன்ட் நகரில் உள்ள உ.வே.சா. நூலகத்துக்கும் ஒருமுறை சென்று வாருங்கள். அவர் ஊர் ஊராகத் தேடிச் சேர்த்த ஏடுகள் அங்கே இருக்கின்றன.

சென்னையைப் பற்றி என்ன வாசிக்கலாம்?

எல்லாரும் சொல்லும் பெயரை முதலில் சொல்லிவிடுகிறேன். எஸ். முத்தையா 1981இல் ஆங்கிலத்தில் வெளியிட்டு, பதிப்புக்குப் பதிப்பு விரித்துக்கொண்டே போன மதராஸ் வரலாற்று நூல், 'சென்னை மறுகண்டுபிடிப்பு' என்று தமிழிலும் வந்திருக்கிறது. கட்டடம் கட்டடமாக, சாலை சாலையாக நகரும் நூல். ஒரே மூச்சில் படிப்பதைவிட, எழும்பூருக்கோ ஜார்ஜ் டவுனுக்கோ போகும் நாளில் அந்தப் பகுதியை மட்டும் படித்துவிட்டுப் போவது நல்லது.

ஆனால் அது பெரும்பாலும் கட்டியவர்களின் சென்னை. உழைத்தவர்களின் சென்னையை அறிய, திரு.வி. கலியாணசுந்தரனாரின் 'வாழ்க்கைக் குறிப்புக்கள்' நூலை வாசிக்க வேண்டும் என்பது எங்கள் வட்டத்தில் பலரும் வற்புறுத்தும் கருத்து. 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பெரம்பூர் வட்டாரத்து ஆலைத் தொழிலாளரிடையே தோன்றியதையும், 1921இல் பக்கிங்காம் கர்நாடிக் ஆலைகளில் நடந்த வேலைநிறுத்தத்தையும், அது புளியந்தோப்பில் சாதிக் கலவரமாக வெடித்ததையும் அருகிலிருந்து கண்டவரின் எழுத்து அது. இராயப்பேட்டைத் தெருக்கள், வெஸ்லி பள்ளி, 'தேசபக்தன்', 'நவசக்தி' இதழ்களின் அலுவலகங்கள் என்று நகரின் அன்றைய நடமாட்டம் முழுவதும் அதில் இருக்கிறது. நடை கொஞ்சம் மேடைத்தன்மை கொண்டது; இரண்டு அத்தியாயங்களில் பழகிவிடும்.

வீட்டுக்குள்ளிருந்து நகரைப் பார்க்க விரும்பினால், மைதிலி சிவராமன் தம் பாட்டி சுப்புலட்சுமியைப் பற்றி எழுதிய 'ஒரு வாழ்க்கையின் துகள்கள்'. சிறுவயதிலேயே மணமுடிக்கப்பட்டு, தான் பெறாத கல்வியை மகளாவது பெற வேண்டும் என்று திருவல்லிக்கேணியில் வந்து குடியிருந்த ஒரு பெண்ணின் கதையை, அவர் விட்டுச்சென்ற நாட்குறிப்புகளையும் கடிதங்களையும் துண்டுக் காகிதங்களையும் கொண்டு பேத்தி எழுதுகிறார். எங்கே சான்று தீர்ந்துபோகிறதோ அங்கே நின்று, இதற்குமேல் எனக்குத் தெரியவில்லை என்று ஒப்புக்கொள்ளும் நேர்மைக்காகவே இதைப் படிக்கலாம்.

2015 டிசம்பர் வெள்ளத்தைப் பற்றிக் கேட்பவர்களுக்கு, கிருபா கெ 2019இல் ஆங்கிலத்தில் எழுதிய நூல் இருக்கிறது. அடையாற்றங்கரையில் குடியிருப்பவர்கள் வாசித்துவிடுவது நல்லது.

'பொன்னியின் செல்வன்' வாசித்துவிட்டேன். இனி உண்மையான சோழர் வரலாற்றுக்கு எங்கே போவது?

சென்னையில் எங்களிடம் மிக அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இதுதான். மணிரத்னத்தின் படங்கள் வந்தபின் இன்னும் கூடியிருக்கிறது. இரண்டு நூல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசியுங்கள். ஒன்று, சென்னைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த கே.ஏ. நீலகண்ட சாஸ்திரி 1930களில் ஆங்கிலத்தில் எழுதிய, பின்னர் தமிழிலும் வந்த 'சோழர்கள்'. மற்றது, தி.வை. சதாசிவ பண்டாரத்தார் தமிழிலேயே எழுதிய 'பிற்காலச் சோழர் வரலாறு'.

ஏன் இரண்டு என்பதற்கு ஆதித்த கரிகாலன் கொலையே விளக்கம். நாவலில் அதைச் சுற்றி எத்தனையோ மர்மங்கள். வரலாற்றில் அதற்கான முதன்மைச் சான்று, காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடிக் கோயிலில் உள்ள, முதலாம் இராஜராஜனின் 2ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த ஒரு கல்வெட்டு. கரிகாலனைக் கொன்று துரோகிகளானவர்கள் என்று சோமன், இரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரை அது பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. அவர்களுடைய, அவர்தம் உறவினருடைய உடைமைகள் பற்றிப் பேசுகிறது. கொலைக்குப் பின் பல ஆண்டுகள் ஆண்ட உத்தம சோழன் காலத்தில் இதுபற்றிய ஆணை எதுவும் இல்லாமல், இராஜராஜன் காலத்தில்தான் வருகிறதே என்பதைக் கொண்டு சாஸ்திரி உத்தம சோழன்மீது ஐயம் கொள்கிறார். பண்டாரத்தார் அதே கல்வெட்டைப் படித்துவிட்டு அந்த ஐயத்தை மறுக்கிறார். கல்லில் உள்ள எழுத்து ஒன்றுதான். அதில் இல்லாததை எவ்வளவு தூரம் ஊகிக்கலாம் என்பதில்தான் இரு அறிஞர்களும் பிரிகிறார்கள். இந்த இடத்தை இருவரிடமும் வாசித்த ஒருவர், அதன்பின் எந்த வரலாற்று நூலையும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்கவோ தள்ளவோ மாட்டார்.

மன்னர்கள் வேண்டாம்; சாதாரண வாழ்க்கையின் வரலாறு வேண்டும் என்றால்?

ஆ.இரா. வேங்கடாசலபதியின் 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்ற கட்டுரைத் தொகுப்பு. இன்று மயிலாப்பூரின் அடையாளமாகவே எண்ணப்படும் காப்பி, நூறு நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் தமிழ் நடுத்தரக் குடும்பங்களுக்குள் நுழைந்தபோது எத்தனை பேர் பதறினார்கள், நீராகாரம் போய்விட்டதே என்று எப்படிப் புலம்பினார்கள், காப்பி ஒரு வகுப்பாருக்கும் தேநீர் இன்னொரு வகுப்பாருக்கும் உரியதாக எப்படிப் பிரிந்தது என்பதையெல்லாம் அக்காலப் பத்திரிகைகள், விளம்பரங்கள், தன்வரலாறுகள் ஆகியவற்றிலிருந்து எடுத்துக் கோத்திருக்கிறார். அடிக்குறிப்புகளோடு எழுதிய ஒன்று இவ்வளவு சுவையாக இருக்கலாம் என்பதே பலருக்கு வியப்பு. அவருக்கு 2024ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருதைப் பெற்றுத் தந்தது 1908ஆம் ஆண்டின் திருநெல்வேலி எழுச்சியையும் வ.உ.சி.யையும் பற்றிய நூல். அதை அடுத்ததாக வாசிக்கலாம்.

தொ. பரமசிவனின் 'அறியப்படாத தமிழகம்' பற்றிச் சொல்லாமல் இந்த விடை நிறைவடையாது. உப்பு, எண்ணெய், உடை, பல்லாங்குழி என்று வீட்டில் கிடக்கும் பொருள்களை எடுத்துக்கொண்டு இரண்டு மூன்று பக்கங்களில் ஒரு சமூக வரலாற்றைச் சொல்லிவிடுவார். பல்லாங்குழி ஆட்டத்தில் தனிச்சொத்துரிமையின் தோற்றத்தைக் காணும் கட்டுரையை எங்கள் வட்டத்தில் வாசித்தபோது, ஏற்றவர்களும் மறுத்தவர்களும் ஏறக்குறையச் சரிபாதி. என் கட்சி மறுப்பவர் பக்கம். ஆனாலும் அந்தக் கட்டுரையை மறக்க முடியவில்லை. சான்றைவிடக் கூர்மையான ஊகம் முன்னே ஓடும் இடங்கள் அவரிடம் உண்டு என்பதை நினைவில் வைத்து வாசித்தால் போதும்.

இன்னும் பழைய காலத்துக்குப் போக விரும்புவோர்க்கு ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு. புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேயின் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்த அவர் பிறந்தது நம் பெரம்பூரில். 1736 முதல் 1761 வரை வியாபாரம், வதந்தி, வழக்கு, வானிலை, ஆளுநர் மனைவியின் அதிகாரம் என்று கண்டதையும் கேட்டதையும் எழுதிவைத்தார். முழுவதும் வாசிக்க ஆண்டுகள் ஆகும். ஒரு தொகுதியை எடுத்து, இடையில் எங்கே வேண்டுமானாலும் நுழையுங்கள்.

மயிலாப்பூரில் பிறந்து அங்கேயே பள்ளி ஆசிரியராக வாழ்ந்த மயிலை சீனி. வேங்கடசாமியின் நூல்களில் 'பௌத்தமும் தமிழும்', 'சமணமும் தமிழும்' ஆகியவற்றைப் பலர் அறிவர். நான் கைகாட்டுவது 'மறைந்துபோன தமிழ் நூல்கள்'. உரையாசிரியர்கள் மேற்கோள் காட்டிய ஓரிரு வரிகளால் மட்டுமே இருந்ததாகத் தெரியும் நூல்களை ஒவ்வொன்றாகத் தேடித் தொகுத்த பட்டியல் அது. இல்லாத புத்தகங்களைப் பற்றிய புத்தகம் ஒன்றைப் பரிந்துரைப்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

இயற்கை, பறவைகள், காடு?

மா. கிருஷ்ணன். தமிழின் தொடக்ககால நாவலாசிரியர்களில் ஒருவரான அ. மாதவையாவின் மகன், மயிலாப்பூரில் வாழ்ந்தவர். கல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் 1950இல் தொடங்கிய இயற்கைப் பத்தியை 1996இல் இறக்கும்வரை விடாமல் எழுதினார். பல கருவிகளின் பாகங்களைச் சேர்த்துத் தாமே உருவாக்கிய கேமராவால் யானைகளைக் கறுப்பு வெள்ளையில் படமெடுத்தார். அவருடைய தமிழ்க் கட்டுரைகள் 'மழைக்காலமும் குயிலோசையும்' என்ற பெயரில் தொகுக்கப்பட்டிருக்கின்றன. புலியைத் தேடி அலையாமல், வீட்டு வேலியில் வந்து உட்காரும் பறவையையே நின்று பார்த்து எழுதுகிறவர்.

தொகுத்தவர் சு. தியடோர் பாஸ்கரன். அஞ்சல் துறையில் உயர்பதவி வகித்த அவருடைய 'இன்னும் பிறக்காத தலைமுறைக்காக' நூலும் அவசியம் வாசிக்க வேண்டியது. காட்டுயிர்களுக்குத் தமிழில் ஏற்கெனவே வழங்கும் பெயர்களைப் பழங்குடியினரிடமும் இலக்கியத்திலும் தேடி எடுத்துப் பயன்படுத்துவதால், அவரை வாசித்தபின் வேடந்தாங்கலுக்கோ பள்ளிக்கரணைக்கோ போனால் பார்ப்பவற்றைப் பெயர் சொல்லி அழைக்க முடிகிறது. இதே ஆசிரியர் தமிழ்த் திரைப்பட வரலாற்றிலும் முன்னோடி என்பது கூடுதல் செய்தி; 'எம் தமிழர் செய்த படம்' அந்த வகையில் தொடங்க ஏற்றது.

அறிவியலும் கணிதமும் தமிழில் உண்டா?

உண்டு, ஆனால் நாம் விரும்பும் அளவுக்கு இல்லை. வழக்கறிஞராக இருந்துகொண்டே அறிவியலை எளிய தமிழில் எழுதிய பெ.நா. அப்புசாமியின் (1891–1986) கட்டுரைகளை இன்று வாசித்தால் செய்திகள் பழையனவாகியிருக்கும், நடை பழையதாகவில்லை. பெரியசாமித் தூரன் தலைமைப் பதிப்பாசிரியராக இருந்து, தமிழ் வளர்ச்சிக் கழகம் 1954 முதல் 1968 வரை 10 தொகுதிகளாக வெளியிட்ட கலைக்களஞ்சியத்தையும் அவ்வாறே புரட்டலாம்.

கணித மேதை இராமானுஜனைப் பற்றித் தமிழில் ரகமி எழுதிய வாழ்க்கை வரலாறும், ஆங்கிலத்தில் ராபர்ட் கனிகெல் 1991இல் வெளியிட்ட பெரிய நூலும் இருக்கின்றன. சென்னைத் துறைமுக அலுவலகத்தில் மாதம் 30 ரூபாய்க்கு எழுத்தராக இருந்தவர் 1913 ஜனவரி 16ஆம் நாள் கேம்பிரிட்ஜின் ஹார்டிக்குக் கடிதம் எழுதியது எல்லாரும் அறிந்த கதை. கனிகெலின் நூல் அந்தக் கடிதத்துக்கு முன்னிருந்த சென்னையையும், பெற்றுக்கொண்ட கேம்பிரிட்ஜையும் ஒரே அளவு பொறுமையோடு விவரிக்கிறது.

மனித இனத்தின் தொல்வரலாற்றில் ஆர்வமுள்ளவர்களுக்கு டோனி ஜோசப்பின் 'ஆதி இந்தியர்கள்'. மரபணு ஆய்வு என்ன சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பதைப் பிரித்துக் காட்டும் நூல். சென்னைக்காரர்கள் இதை வாசிக்கும்போது நினைவில் கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. இந்தியத் துணைக்கண்டத்தின் பழைய கற்கால ஆய்வு தொடங்கியதே, 1863இல் பல்லாவரத்தில் ராபர்ட் புரூஸ் ஃபூட் கண்டெடுத்த ஒரு கற்கருவியிலிருந்துதான். அதே ஆண்டில் அவர் கண்டறிந்த அத்திரம்பாக்கத்தில், பின்னாளில் நடந்த அகழாய்வு அங்குள்ள கருவிகளின் காலத்தைச் சுமார் 15 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் கொண்டு சென்றிருக்கிறது. ஃபூட்டின் சேகரிப்பு எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தது. நூலை வாசித்த வாரமே அங்கு போய்ப் பார்க்கலாம்.

இசை, சமையல், கைத்தொழில் போன்றவற்றில்?

மார்கழி சீசனுக்கு முன் வாசிக்க ஏற்றது, டி.எம். கிருஷ்ணாவின் 'செபாஸ்டியன் குடும்பக் கலை'. மிருதங்கம் வாசித்தவர்களின் பெயர்கள் நமக்குத் தெரியும். செய்தவர்களின் பெயர்கள் தெரியாது. மாட்டுத்தோலும் ஆட்டுத்தோலும் எருமைத்தோலும் எந்தெந்த இடத்தில், ஏன் பயன்படுகின்றன, மிருதங்கத்தின் வலப்பக்க முகமான வலந்தலையின் நடுவிலுள்ள கறுப்பு வட்டம் கற்பொடியும் சோறும் கலந்து எப்படித் தேய்த்துத் தேய்த்து ஏற்றப்படுகிறது, வித்துவான் கேட்கும் நாதத்தைத் தோலில் கொண்டுவரச் செய்பவர் எத்தனை சோதனைகள் செய்கிறார் என்பதைத் தலித் கிறித்துவக் குடும்பங்கள் பலவற்றின் வாய்மொழியாகக் கேட்டு எழுதியிருக்கிறார். ஆங்கில மூலம் 2020இல் வெளியானபோது சென்னையில் எழுந்த சர்ச்சையைச் செய்தித்தாள்களில் பார்த்திருப்பீர்கள். சர்ச்சையை அறிந்து நூலை வாசிக்காமல் விட்டவர்களே அதிகம் என்பது என் எண்ணம்.

சமையல் நூலும் கதையல்லாத நூல்தான். எஸ். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' 1951இல் வந்தது. கூட்டுக்குடும்பத்தை விட்டுத் தனிக்குடித்தனம் போகும் பெண்ணுக்கு, கேட்க மாமியாரோ பாட்டியோ அருகில் இல்லாத நிலைமையை மனத்தில் கொண்டு எழுதிய நூல். ஒரு பிராமணக் குடும்பத்தின் சைவச் சமையல்தான் அது. தமிழ்நாட்டுச் சமையல் முழுவதும் அன்று. அந்த எல்லைக்குள், அளவு சொல்வதிலும் பதம் சொல்வதிலும் அதன் துல்லியத்துக்கு இணை குறைவு.

பயண நூல்கள்?

வெ. சாமிநாத சர்மாவின் 'எனது பர்மா வழிநடைப் பயணம்'. 1942இல் ஜப்பானியக் குண்டுவீச்சுக்கு அஞ்சி இரங்கூனைவிட்டு வெளியேறி, மனைவியோடு நடந்தும் கிடைத்த வண்டியில் ஏறியும் இந்தியா வந்து சேர்ந்த அனுபவம். பிளேட்டோவையும் ரூசோவையும் தமிழுக்குக் கொண்டுவந்த மனிதர் மூட்டையைச் சுமந்துகொண்டு மலைப்பாதையில் நடக்கும்போது, தம்மை நாயகனாக்கிக்கொள்ளாமல் உடன் நடந்தவர்களையே பார்த்துக்கொண்டு வருகிறார். எங்கள் வட்டத்தில் பர்மாவிலிருந்து திரும்பிய குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர், தம் தாத்தா வாயே திறக்காத கதையை இதில்தான் தெரிந்துகொண்டதாகச் சொன்னார்.

ஏ.கே. செட்டியாரின் 'அண்ணல் அடிச்சுவட்டில்' இன்னொரு வகை. காந்தியைப் பற்றிய ஆவணப்படத்துக்காக உலகெங்கும் அலைந்து, சுமார் 50,000 அடி படச்சுருள் சேர்த்து, 1940இல் படத்தை வெளியிட்டவர் அந்த அலைச்சலைச் சுருக்கமான வாக்கியங்களில், மிகையே இல்லாமல் சொல்கிறார். சிட்டியும் தி. ஜானகிராமனும் சேர்ந்து எழுதிய 'நடந்தாய் வாழி காவேரி' பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, அனைவரும் வாசிக்கிறார்கள்.

தன்வரலாறுகளை எவ்வளவு நம்பலாம்?

எழுதுபவர் தம்மைப் பற்றிச் சொல்வதைக் குறைவாகவும், சுற்றியிருந்ததைப் பற்றிச் சொல்வதை அதிகமாகவும் நம்பலாம். ஒரே மனிதரைப் பற்றி இருவர் எழுதியிருந்தால் இரண்டையும் வாசிப்பது மேல். புதுச்சேரியில் பாரதியோடு பழகிய வ.ரா.வின் 'மகாகவி பாரதியார்' ஓர் இளம் தொண்டரின் வியப்பால் நிறைந்தது. அதே வீட்டில் சிறுமியாக ஓடியாடிய யதுகிரி அம்மாளின் 'பாரதி நினைவுகள்' காட்டும் பாரதி வேறு. பாட்டை எழுதிமுடித்ததும் பிள்ளைகளைக் கூப்பிட்டு வைத்துப் பாடிக்காட்டும் மனிதர்.

நீளத்தை வைத்து எடை போடவும் வேண்டாம். 'பறையன்' இதழை 1893இல் தொடங்கி, பின்னாளில் அம்பேத்கருடன் இலண்டன் வட்டமேசை மாநாட்டுக்குச் சென்ற இரட்டைமலை சீனிவாசனின் 'ஜீவிய சரித்திர சுருக்கம்' மிகச் சிறிய நூல். ஒரு மாலையில் முடித்துவிடலாம்; அதில் வரும் சென்னை, இதுவரை சொன்ன சென்னைகளில் எதுவும் அன்று.

தன்னம்பிக்கை நூல்களை ஏன் பரிந்துரைப்பதில்லை?

முதல் கேள்விக்குச் சொன்ன சோதனையில் அவை தேறுவதில்லை.

மொழிபெயர்ப்பை வாசிக்கலாமா, மூலத்தையே தேட வேண்டுமா?

ஆங்கிலம் தடையில்லாமல் வருமானால் மூலம். இல்லாவிட்டால் தயங்காமல் மொழிபெயர்ப்பு. ஆனால் கடையில் நிற்கும்போதே நடுப்பக்கம் ஒன்றில் ஒரு பத்தியை மெல்ல வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். மூச்சு முட்டினால் அது உங்கள் குறையன்று.

இந்த நூல்கள் சென்னையில் எங்கே கிடைக்கும்?

புதிய பதிப்புகளுக்கு ஜனவரியில் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் நடக்கும் புத்தகக் காட்சியே வசதி. பத்து விழுக்காடு கழிவும் கிடைக்கும். தேதியை அந்தந்த ஆண்டு பார்த்துக்கொள்ளுங்கள். முதல் வார இறுதியின் நெரிசலைத் தவிர்த்து வேலைநாள் பிற்பகலில் போனால் நின்று படிக்கலாம்.

விலைகொடுத்து வாங்கும் முன் நூலகத்தில் பார்ப்பது சிக்கனம். 1896இல் திறக்கப்பட்ட எழும்பூர் கன்னிமாரா நூலகம், இந்தியாவில் வெளியாகும் நூல்களின் பிரதிகளைச் சட்டப்படி பெறும் நான்கு நூலகங்களில் ஒன்று. ஆகவே பிற இடங்களில் கிடைக்காதது அங்கே இருக்க வாய்ப்பு அதிகம். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம் உட்கார்ந்து வாசிக்க ஏற்றது. மிகப் பழைய பதிப்புகள், சிற்றிதழ்கள் வேண்டுமென்றால் தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். கோட்டையூரில் பெயர்ப்பலகை எழுதும் தொழில் செய்துவந்த ஒருவர் வாழ்நாள் முழுதும் சேர்த்த புத்தகங்களிலிருந்து 1994இல் உருவானது அது. அங்கிருந்து நூல்களை வீட்டுக்கு எடுத்துவர முடியாது.

நாட்டுடைமையாக்கப்பட்டவர்களின் நூல்கள் பலவற்றைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் கட்டணமின்றி வாசிக்கலாம், மயிலை சீனி. வேங்கடசாமியும் திரு.வி.க.வும் அங்கே கிடைப்பார்கள். மூர் மார்க்கெட் 1985இல் எரிந்துபோனதோடு பழைய புத்தக வேட்டையின் பொற்காலம் முடிந்துவிட்டது என்று மூத்தவர்கள் சொல்வார்கள். திருவல்லிக்கேணி பாரதி சாலை நடைபாதையில் இன்றும் பாடநூல்களுக்கு நடுவே ஏதாவது அகப்படத்தான் செய்கிறது. அங்கே வாங்கினால் பக்கங்கள் முழுமையாக இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

பாதியில் நிறுத்திவிட்டால் தவறா?

தவறில்லை. கதையல்லாத நூலைப் பின்னிருந்தும் நடுவிலிருந்தும் வாசிக்கலாம். பொருளடைவு (நூலின் இறுதியில் வரும் சொற்பட்டியல்) இருந்தால் அதையே முதலில் பாருங்கள். தமிழ்ப் பதிப்பகங்கள் பல இன்னும் அதைச் சேர்ப்பதில்லை என்பது எனக்குள்ள பெரிய குறை.

நானும் ஒரு நூலைப் பரிந்துரைக்க விரும்புகிறேன். எப்படி எழுத வேண்டும்?

'அருமையான நூல், அனைவரும் வாசிக்க வேண்டும்' என்று மட்டும் எழுதினால் எவரும் வாசிக்கமாட்டார்கள். நூலிலிருந்து நீங்கள் புதிதாகத் தெரிந்துகொண்ட ஒரு செய்தியையும், அது ஆசிரியருக்கு எப்படித் தெரிந்தது என்பதையும் நான்கைந்து வரிகளில் எழுதுங்கள். எந்த அத்தியாயம் சலிப்பூட்டியது என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். அடுத்து வாசிப்பவர் அந்த இடத்தில் நூலை மூடிவைக்காமல் தாண்டிப் போக அது உதவும். பதிப்பகத்தின் பெயரையும் பதிப்பாண்டையும் கட்டாயம் குறிப்பிடுங்கள். பழைய நூல்கள் பலவற்றுக்குச் சுருக்கப் பதிப்புகள் புழங்குகின்றன. 'என் சரித்திர'த்தையே சுருக்கத்தில் வாசித்துவிட்டு, சேலத்து முதலியாரைச் சந்தித்த அத்தியாயம் இவ்வளவுதானா என்று கேட்டவர்கள் உண்டு.